பிற துறைத் தகவலை அத்துறையினரிடமே சரிபாருங்கள்

பல துறையினர் சேர்ந்து நடத்தும் ஆய்வில் இறங்குவோர், தம் துறைக்கு வெளியிலிருந்து எடுத்துக்கொண்ட அனுமானங்களைத் தொடக்கத்திலேயே ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றையும் அந்தந்தத் துறையைச் சேர்ந்தவரிடம் காட்டிவிடுவது நல்லது. பாடநூலில் அச்சாகியிருப்பதை அத்துறையினரே ஐயத்துடன் பார்ப்பதுண்டு. அந்த ஐயம் வெளியாருக்கு எளிதில் எட்டுவதில்லை.

1953-இன் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜின் கேவன்டிஷ் ஆய்வகத்தில் டிஎன்ஏவின் அமைப்பைத் தேடிக்கொண்டிருந்த உயிரியலாளர் ஜேம்ஸ் வாட்சன், டிஎன்ஏவின் கட்டுமானத் துண்டுகளான நான்கு காரங்களுள் குவானின், தைமின் ஆகியவற்றுக்குப் பாடநூல்கள் காட்டிய ஈனால் வடிவத்தையே (ஒரு ஹைட்ரஜன் அணு ஆக்சிஜனோடு இணைந்திருப்பது) நம்பியிருந்தார். அவரோடும், இயற்பியலிலிருந்து வந்த அவருடைய கூட்டாளி பிரான்சிஸ் கிரிக்கோடும் ஒரே அறையில் பணியாற்றிய வேதியியலாளர் ஜெர்ரி டோனஹ்யூ, அது பெரும்பாலும் தவறு என்றும் கீட்டோ வடிவமே (அந்த ஹைட்ரஜன் நைட்ரஜனோடு இணைந்திருப்பது) பொருந்தும் என்றும் சுட்டிக்காட்டினார். அதன்படி காரங்களின் வடிவில் வெட்டிய அட்டைத் துண்டுகளை வாட்சன் நகர்த்திப் பார்த்தபோதுதான் அடினின் தைமினோடும் குவானின் சைட்டோசினோடும் இணைவது புலப்பட்டது. ஏப்ரல் 25 அன்று நேச்சர் இதழில் வெளியான வாட்சன், கிரிக் இருவரின் கட்டுரை டோனஹ்யூவுக்கு நன்றி கூறுகிறது.

டோனஹ்யூவிடம் யாரும் முறைப்படி கருத்துக் கேட்கவில்லை. அறையில் அவர் இருந்ததே வாய்ப்பாயிற்று. எனவே, இயன்றால் வேறு துறையினருக்கு உங்கள் அறையிலேயே இருக்கை ஒதுக்குங்கள். இயலாவிடில், முடிவுகள் உறுதியாகும் முன்பே அந்தத் தாளை அனுப்பி, "இதை உங்கள் துறையில் இன்றும் ஏற்கிறார்களா, யாரேனும் மறுக்கிறார்களா?" என்று கேளுங்கள், "இது சரியா?" என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் தலையசைப்பே பதிலாகக் கிடைக்கும்.