யு.கே.ஜி. பட்டமளிப்பு விழாவுக்குப் பாட்டு தேடிய கதை

யு.கே.ஜி. பிள்ளைகளுக்கு அங்கியும் தொப்பியும் மாட்டிவிடும் விழா. பாட்டுப் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

முதலில் எடுத்தது ‘பசுமை நிறைந்த நினைவுகளே’. 1963-இல் வந்த ‘இரத்தத் திலகம்’ படப் பாட்டு. கல்லூரிப் பிரிவு விழா என்றால் எங்கள் ஊரில் இன்றும் அதுதான். ஒத்திகையில் எனக்குக் கண் கலங்கியது. பிள்ளைகள் மூக்கை நோண்டிக்கொண்டு நின்றார்கள். ஐந்து வயதில் பழைய நினைவுக்கு எங்கே போவார்கள்?

அப்புறம் ‘ஒவ்வொரு பூக்களுமே’. சித்ராவுக்கும் பா. விஜய்க்கும் தேசிய விருது வாங்கித் தந்த பாட்டு. பொருள் சரி, ஆனால் மேலே ஏறும் இடத்தில் எல்லோரும் கத்தினார்கள். அந்த வயதில் வசதியாகப் பாட வருவது ஐந்தாறு சுரங்கள்தான். முழு ஸ்தாயி கேட்டது என் தப்பு.

கடைசியில் பிள்ளைகள் பாடுவதையும் பெற்றோர் அழுவதையும் தனித்தனியாகப் பிரித்தேன். மேடையில் பாரதியாரின் ‘ஓடி விளையாடு பாப்பா’, இரண்டே கண்ணிகள், கைத்தட்டோடு. கரோக்கி வேண்டாம் என்று விட்டுவிட்டேன்; அதன் வேகத்துக்குப் பிள்ளைகள் ஓட முடியவில்லை. ஆர்மோனியம் என்றால் அவர்கள் நிற்கும் இடத்தில் நாமும் நிற்கலாம்.

பூக்கள் பாட்டைத் திரைக்கு மாற்றினேன். எல்.கே.ஜி. முதல் நாள் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுத படங்கள் அதில் ஓடின. அப்பாக்கள் கைக்குட்டை தேடினார்கள். பின்வரிசையில் ஆயாம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.