பிரேக் ஆயிலைத் தேர்ந்தெடுப்பதும் மாற்றுவதும்

பிரேக் ஆயில் என்று சொல்லிப் பழகிவிட்டோமே தவிர, பெரும்பாலான டிஸ்க் பிரேக் வண்டிகளில் இருப்பது எண்ணெய் அன்று. கிளைக்கால் ஈதரை அடிப்படையாகக் கொண்ட திரவம். பெயரை நம்பி இஞ்சின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும்.

இத்திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 என்னும் தரவகைத் திரவம் புதிதாக இருக்கையில் அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரவிதி, 3.7 சதவீத அளவுக்கு நீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பே 155 டிகிரிதான். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்குகையில், பேடுகளால் டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரின் சூட்டில் பழைய திரவம் கொதித்து ஆவிக்குமிழ்கள் உண்டானால், லிவரை அழுத்தும் விசையெல்லாம் அக்குமிழ்களை நசுக்குவதிலேயே தீர்ந்துபோய், பேடுகள் டிஸ்க்கைப் பிடிக்காமலே போகும். ஆகவே வண்டி அதிகம் ஓடாவிட்டாலும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும்.

எந்தத் திரவம் என்பது, ஹேண்டில்பாரில் லிவரை ஒட்டித் திரவம் நிரம்பியிருக்கும் மாஸ்டர் சிலிண்டரின் மூடியிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். டாட் 4 என்றிருந்தால் அதையே வாங்குங்கள். எண் கூடினால் தரமும் கூடும் என்றெண்ணி டாட் 5 வாங்குவது பெருந்தவறு. அது சிலிக்கோன் வகை, மற்றவற்றோடு கலக்காது. டாட் 5.1 அதன் உறவன்று, கிளைக்கால் வகையே. சிறிய, சீல் உடைக்காத புட்டியே நல்லது. சென்ற ஆண்டு திறந்து வைத்த மிச்சம் வேண்டாம்.

திரவம் பெயின்டை அரித்துவிடும் என்பதால், முதலில் பெட்ரோல் டேங்கை ஈரத்துணியால் மூடுங்கள். சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். ஹேண்டில்பாரைத் திருப்பி மாஸ்டர் சிலிண்டரைச் சமமாக நிறுத்தி, மூடியைத் துடைத்துத் திறந்து, பழைய திரவத்தை ஊசிக்குழலால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை நிரப்புங்கள். திரவத்தை வெளியேற்றுவதற்காகக் காலிப்பரில் உள்ள பிளீடர் ஸ்குரூவில் முதலில் ரிங் ஸ்பேனரையும் பிறகு ஒளிபுகும் குழாயையும் மாட்டி, குழாயின் மறுமுனையைச் சிறிது புதுத்திரவம் ஊற்றிய புட்டிக்குள் அமிழ்த்துங்கள். லிவரை மெதுவாக அழுத்திப் பிடித்தபடி ஸ்குரூவைக் கால் சுற்று தளர்த்தினால் பழைய திரவம் வெளியேறும். ஸ்குரூவை மூடிய பின்னரே லிவரை விட வேண்டும். இந்த வரிசை மாறினால் காற்று உள்ளே இழுக்கப்படும். ஐந்தாறு அழுத்தத்துக்கு ஒருமுறை மேலே திரவத்தை நிரப்பிக்கொண்டே, குழாயில் குமிழின்றித் தெளிந்த நிறம் வரும்வரை தொடருங்கள். மேலே வற்றவிட்டால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள வண்டியில் காற்று அதன் யூனிட்டுக்குள் புகுந்துவிட்டால் அதை வெளியேற்றப் பணிமனைக் கருவியே தேவைப்படலாம்.

பிளீடர் ஸ்குரூ நடுவே துளையுள்ளது. மிகையாக முறுக்கினால் ஒடிந்துவிடும். டிஸ்க்கிலோ பேடிலோ ஒரு துளி படாமல் பார்த்து, மூடியை மாட்டி, லிவரைச் சற்று நேரம் இறுக்கிப் பிடித்துக் கசிவு இல்லையென உறுதிசெய்யுங்கள். லிவர் கல்போல் நிற்காமல் பஞ்சுபோல் அமிழ்ந்தால், காற்று முழுதும் வெளியேறும்வரை வண்டியைச் சாலைக்கு எடுக்காதீர்கள்.