ஜீப்புக்குப் புது பிளைவீல்: லேத்தில் செய்து வாங்கும் முறை

கீரிப்பாறை, குலசேகரம், பேச்சிப்பாறை பக்கத்துத் தோட்டங்களில் பழைய மஹிந்திரா எம்எம்540-களும் சிஜே ஜீப்புகளும் இன்னும் ரப்பர் பாலும் உரமும் ஏற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. மேட்டில் கிளட்சைப் பாதி மிதித்தபடியே ஏற்றுவதால் முதலில் கிளட்ச் பிளேட் தேயும், அடுத்து பிளைவீல் (இன்ஜினோடு சுற்றும் கனமான சக்கரம், கிளட்ச் பிளேட் இதன் மேல்தான் அழுந்தும்) முகம் கெடும். நல்ல நிலையில் பழைய வீல் கிடைத்தால் அதையே வாங்குங்கள், செலவும் குறைவு. கிடைக்காதபோதும், வேறு வண்டி இன்ஜினை இந்த கியர்பாக்ஸோடு சேர்க்கும்போதும்தான் புதிதாகச் செய்வதற்குத் தேவை வரும். இன்ஜின் மாற்றுவதாக இருந்தால் முதலில் ஆர்டிஓ அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

முகத்தில் வெறும் கோடுகளும் லேசான நீலத் திட்டுகளும் மட்டும் இருந்தால் சாணை பிடித்தாலே போதும். வெடிப்பு போல்ட் துளையைத் தொட்டிருந்தாலோ, துளை முட்டை வடிவத்துக்கு வந்திருந்தாலோ அந்த வீலுக்கு வைத்தியம் இல்லை. வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லிவிட்டு நகருங்கள். வார்ப்பிரும்பில் வெல்டு வைத்த இடத்தின் ஓரம் கடினப்பட்டு, அங்கேயே மறுபடி வெடிக்கும்.

அளவு எடுப்பது

வீல் கெட்டுப்போகும் வேலைகளில் பெரும்பாலானவை லேத்தில் கெடுவதில்லை, அளவு எடுக்கும்போதே கெட்டுவிடுகின்றன. பழைய வீல் எவ்வளவு சிதைந்திருந்தாலும் புதியது மாட்டி ஓடும் வரை பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள்.

எல்லா உயரத்தையும் ஒரே இடத்திலிருந்து அளந்து எடுங்கள்: கிராங்க் ஃபிளாஞ்சில் (இன்ஜின் தண்டின் முனைத் தட்டு) உட்காரும் முகம். அங்கிருந்து கிளட்ச் முகத்துக்கு எவ்வளவு, ரிங் கியர் (ஸ்டார்ட்டர் வந்து மாட்டும் பல் வளையம்) பல்லின் முன்பக்கத்துக்கு எவ்வளவு, பிரஷர் பிளேட் (கிளட்ச் பிளேட்டை வீலோடு அழுத்தும் மூடி) உட்காரும் முகத்துக்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் குறியுங்கள். பழைய வீலின் கிளட்ச் முகம் ஏற்கெனவே சாணை பிடித்ததாக இருக்கலாம். அதனால் அந்த உயரத்தை மட்டும் நம்பாமல் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட், பெல் ஹவுசிங் (கிளட்சை மூடும் கூடு) ஆழம் இரண்டையும் வைத்துச் சரிபாருங்கள். கிளட்ச் முகம் 2 மி.மீ. பின்னால் போனாலே கிளட்சை விடுவிக்கும் ஃபோர்க்கின் கோணம் மாறி, பெடல் அடிவரை மிதித்தாலும் கியர் முனகும்.

நடுத்துளைக்கான அளவைப் பழைய துளையில் எடுக்காதீர்கள், அது தேய்ந்திருக்கும். அந்தத் துளைக்குள் நுழையும் கிராங்கின் நடு மேட்டை மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்கு 0.01 முதல் 0.03 மி.மீ. வரை மட்டும் இடைவெளி விடச் சொல்லுங்கள். நூல் கணக்கு, ஸ்கேல் கணக்கு இங்கே உதவாது. போல்ட் வட்டத்தின் விட்டத்துக்கு, எதிரெதிர்த் துளைகளின் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை அளந்து ஒரு துளையின் விட்டத்தைக் கழியுங்கள். எல்லாத் துளையும் சம தூரத்தில் இருப்பதாக நினைத்துவிட வேண்டாம். வீலைத் தப்பான இடத்தில் மாட்டிவிடக் கூடாது என்பதற்காகச் சில இன்ஜின்களில் ஒரு துளையை மட்டும் தள்ளி வைத்திருப்பார்கள். டைமிங் குறியும் அதை நம்பித்தான் இருக்கிறது. சிஆர்டிஐ (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டு டீசல்) இன்ஜினாக இருந்து சென்சார் பற்களும் வீலிலேயே இருந்தால் சாதாரண லேத் பட்டறைக்கு அந்த வேலை ஒத்துவராது.

ரிங் கியர் பல்லை எண்ணுங்கள். வில்லீஸ் வழி ஜீப்புகளில் 97 பல்லும் உண்டு, 124 பல்லும் உண்டு. ஸ்டார்ட்டர் மோட்டாரின் பினியன் (முனையிலுள்ள சின்னப் பல்சக்கரம்) எதற்கானதோ அதற்குத்தான் ரிங் வாங்க வேண்டும். மாறிப் போனால் முதல் மாதத்திலேயே இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும்.

இரும்பும் எடையும்

இஎன்8 (நடுத்தரக் கார்பன் ஸ்டீல்) ஃபோர்ஜிங் அல்லது தடித்த பிளேட் நல்ல தேர்வு. வார்ப்புதான் வேண்டும் என்றால் கோவை பவுண்டரிகளில் எஸ்ஜி 500/7 என்ற உறுதியான வார்ப்பிரும்பைக் கேளுங்கள். எந்தச் சான்றிதழும் இல்லாத பழைய வார்ப்பைக் கடைந்து தருவதாகச் சொன்னால் வேண்டாம். 300 மி.மீ. விட்டமுள்ள வீல் 4,500 ஆர்பிஎம்மில் சுற்றும்போது விளிம்பின் வேகம் நொடிக்கு 70 மீட்டர். உள்ளே ஒரு காற்றுக்குழி இருந்து வீல் பிளந்தால் துண்டுகள் பாயும் வழியில் டிரைவரின் கால் இருக்கிறது.

300 மி.மீ. விட்டம், 40 மி.மீ. கனமுள்ள இஎன்8 வட்டு சுமார் 22 கிலோ வரும். கேஸ் கட்டிங்கில் வெட்டியதென்றால் ஓரம் கடினப்பட்டிருக்கும். சுற்றிலும் 5 மி.மீ. கூடுதலாக விட்டு வாங்குங்கள். ஸ்டீல் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய 9 சதவீதம் கனம் என்பதால், அதே அளவில் செய்தால் எடை கூடும். அந்தக் கூடுதலை விளிம்பில் எடுக்காமல் நடுப்பகுதியில் எடுங்கள். மையத்திலிருந்து 130 மி.மீ. தள்ளி இருக்கும் ஒரு கிலோ, 65 மி.மீ. தள்ளி இருக்கும் ஒரு கிலோவைப் போல நாலு மடங்கு வேலை செய்யும். ரேஸ் வண்டிக்காரர்கள் சொல்வதைக் கேட்டு வீலை இலேசாக்காதீர்கள். லோ ரேஞ்ச் கியரில் பாறை மேல் ஊர்ந்து ஏறும் டீசல் ஜீப்பை அணையாமல் காப்பதே இந்தச் சுழலும் கனம்தான்.

லேத்தில்

முதலில் இரண்டு பக்கமும் 2 மி.மீ. மிச்சம் விட்டு ரஃப் கடைசல். பிறகு ஸ்ட்ரெஸ் ரிலீவிங், அதாவது உள்ளிறுக்கம் போகச் சூடாக்கி மெதுவாக ஆறவிடுவது, சுமார் 600 டிகிரியில். இதைத் தவிர்த்தால் நாலைந்து முறை நன்றாகச் சூடேறியதும் முகம் கோணும், கிளட்ச் விடும்போது வண்டி உதறும்.

ஃபினிஷ் கடைசலில் வரிசை முக்கியம். கிராங்க் பக்க முகம், நடுத்துளை, ரிங் கியர் அமரும் விட்டம் மூன்றையும் ஒரே செட்டிங்கில், சக்கிலிருந்து (லேத்தின் பிடி) கழற்றாமல் முடிக்க வேண்டும். அடுத்து, சக்கில் ஒரு ஃபிக்ஸ்சரை (தாங்கு தட்டு) பிடித்து, கிராங்க் ஃபிளாஞ்சின் அளவுக்கே அதை அங்கேயே கடைந்து, வீலை அதில் போல்ட் போட்டு மறுபக்கத்தை முடிக்க வேண்டும். வீலைத் திருப்பி நேராகச் சக் தாடையில் பிடித்தால் இரண்டு முகமும் இணையாக வராது. துளைகளை டிஆர்ஓ (டிஜிட்டல் அளவு காட்டி) உள்ள மில்லிங்கிலோ விஎம்சி என்ற கம்ப்யூட்டர் மெஷினிலோ போடச் சொல்லுங்கள். கிளட்ச் முகத்தைக் கடைசியாகச் சாணை பிடித்து எடுப்பது நல்லது.

ரிங் கியருக்கு 0.3 முதல் 0.4 மி.மீ. இறுக்கம் போதும். ரிங்கை 220 டிகிரிக்குச் சூடாக்கினால் 300 மி.மீ. விட்டத்தில் 0.65 மி.மீ. அளவுக்கு விரியும், தட்டாமலே இறங்கி உட்காரும். தெரிந்த பேக்கரி அடுப்பு கிடைத்தால் கேஸ் டார்ச்சைவிட அது எவ்வளவோ மேல். பல் நீலமாக மாறினால் டெம்பர் (பல்லின் கடினம்) போய்விட்டது, அந்த ரிங்கை வைத்துவிட்டு வேறு வாங்குங்கள். சரிவு வெட்டிய பல் முனை பினியன் வரும் பக்கம் பார்த்திருக்க வேண்டும். அவசரத்தில் தலைகீழாக இறங்கிவிடுவது சகஜம்.

பேலன்சிங்கும் மாட்டுவதும்

வீலைச் சுற்றவிட்டு எந்தப் பக்கம் கனம் கூடுதல் என்று காட்டும் டைனமிக் பேலன்சிங் மெஷின் எல்லாப் பட்டறையிலும் இருக்காது. திருவனந்தபுரத்துக்கோ கோவைக்கோ அனுப்ப நேர்ந்தால் ரிங் பல் உடையாதபடி மரப்பெட்டியில் வைத்து, முகத்தில் எண்ணெய் பூசி அனுப்புங்கள். இந்தக் கடற்காற்றில் சாணை பிடித்த முகம் ஒரே இரவில் துருப்பிடித்துவிடும். ஜி6.3 என்ற பேலன்சிங் தரம் கேளுங்கள். 14 கிலோ வீலுக்கு 4,000 ஆர்பிஎம்மில் அதில் அனுமதிக்கும் ஏற்றத்தாழ்வு 130 மி.மீ. ஆரத்தில் ஒன்றரை கிராம் அளவுக்குத்தான் வரும். 10 மி.மீ. டிரில் 1 மி.மீ. இறங்கினால் 0.6 கிராம் போகும் என்பதால் ஆழமான குழிகள் தேவைப்படாது. கைவிரல் நீளத்துக்குக் குழி போட்டு அனுப்பினால் கடைசலே ஒருபக்கம் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். முதலில் வீலைத் தனியாகவும், பிறகு பிரஷர் பிளேட்டோடு சேர்த்தும் பேலன்ஸ் செய்து, சேரும் இடத்தில் குறி போட்டு வாங்குங்கள். பழைய வீலில் ஒருபக்கம் வேண்டுமென்றே கனம் வைத்த இன்ஜின் என்றால் அதைச் சொல்லாமல் கொடுக்கவே கூடாது.

மாட்டும்போது போல்ட் புதிதாக, பழையதன் தலையில் உள்ள கிரேடிலேயே இருக்கட்டும். டார்க் அளவு இன்ஜின் மேனுவலில் உள்ளபடி, எதிரெதிராக, மூன்று சுற்றில். துளை கிராங்க் கேஸுக்குள் திறந்திருந்தால் மரையில் சீலன்ட் தடவுங்கள், இல்லாவிட்டால் கிளட்ச் பிளேட் எண்ணெய் குடிக்கும். டயல் கேஜை இன்ஜின் பாடியில் பொருத்தி, கிராங்கை ஒரே பக்கம் தள்ளிப் பிடித்தபடி சுற்றுங்கள். தள்ளிப் பிடிக்காவிட்டால் கிராங்கின் எண்ட் பிளேயும் (முன்பின் அசைவு) சேர்ந்து முள்ளில் காட்டும். கிளட்ச் முகத்தில் ஆட்டம் 0.10 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். கூடினால் கழற்றி ஃபிளாஞ்ச் முகத்தைத் துடைத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு துளி பர்ரோ (இரும்புப் பிசிறு) தூசியோதான் காரணமாக இருக்கும்.

பெல் ஹவுசிங்கின் அடித்துளை அடைபடாமல் இருக்கிறதா என்று மூடுவதற்கு முன் பாருங்கள். மழைக்காலத்தில் ஓடை தாண்டி வந்த சேறு உள்ளே தங்கினால் புது முகத்தையும் அது அரத்தைப் போட்டதுபோல் ராவிவிடும். மேடு ஏறிச் சூடான கையோடு தண்ணீரில் இறங்காமல் பத்து நிமிஷம் நிறுத்திவிட்டு இறங்குங்கள்.