மாத்திரை அட்டையைத் தூக்கி எறியாதீர்கள்: பெரியவர்களோடு பயணம் செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ரயிலில் என் எதிர் இருக்கையில் ஓர் இளைஞர் தம் தாயாரின் மாத்திரைகளை அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கி, காலை, பகல், இரவு என்று அறை பிரித்த பிளாஸ்டிக் டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தார். பத்து நாளுக்கான மருந்து. முடித்ததும் வெற்று அட்டைகளைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, "அம்மா, இனிமேல் சுமை குறைவு" என்றார். 12 ஆண்டுகளுக்கு முன் என் அப்பாவின் மாத்திரைகளை நானும் அப்படித்தான் அடுக்கினேன். அதனால் நடந்ததை அந்த இளைஞரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இறங்கும்வரை பேசிக்கொண்டிருந்தோம்.

நான் மருத்துவன் இல்லை. அப்பா, அத்தை, மாமனார், பெரியம்மா என்று வீட்டுப் பெரியவர்களைப் பல ஆண்டுகளாகப் பயணங்களுக்கு அழைத்துச் சென்று வருகிறேன். மருந்து எடுத்துவைப்பது, கிளம்பும் முன் மருத்துவரைப் பார்ப்பது, நாள் தள்ளிப்போனாலும் போதும்படி கூடுதலாக மருந்து வாங்குவது ஆகியவை எல்லோருக்கும் தெரியும். தெரிந்தவர்களும் சறுக்கும் இடங்களை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

விவரமெல்லாம் ஒருவர் தலைக்குள் மட்டும் இருப்பது

அப்பாவுக்கு அப்போது வயது 74. இதயத் துடிப்பு சீராக இல்லாததால் இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிட்டுவந்தார். எந்த மாத்திரை எதற்கு, எத்தனை மில்லிகிராம், கடைசியாக இரத்தப் பரிசோதனை செய்த நாள் எது என எல்லாம் எனக்கு மனப்பாடம். அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

தங்கியிருந்த விடுதியில் ஒரு நாள் காலை அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தார். பயணத் தேதியை மாற்றுவதற்காக நான் வெளியே போயிருந்தேன்; போன இடத்தில் கைப்பேசி வேலை செய்யவில்லை. தம்பிதான் ஆம்புலன்ஸை வரவழைத்தான். நெற்றியோரம் ஒரு புடைப்பு, அவ்வளவுதான். இரத்தம் வரவில்லை. அப்பா எழுந்து நடந்தார், பேசினார், "ஒன்றுமில்லை, அறைக்கே போகலாம்" என்றார்.

மருத்துவமனையில் கேட்ட முதல் கேள்வி: என்னென்ன மருந்து சாப்பிடுகிறார்? "பிரஷருக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று, இதயத்துக்கு ஏதோ ஒன்று" என்று தம்பி சொன்னான். பிறகு நான் அடுக்கிவைத்த டப்பாவை நீட்டினான். அதில் சின்னதும் பெரியதுமாகச் சில வெள்ளை மாத்திரைகளும் இளஞ்சிவப்பில் ஒன்றும் கிடந்தன. அவை என்ன மருந்து என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பெயர் அச்சிட்ட அட்டைகளைத்தான் நான் ஊரிலேயே குப்பையில் போட்டிருந்தேனே.

நான் போய்ச் சேர மூன்று மணி நேரம் ஆனது. அப்பா ஒரு முறை வாந்தி எடுத்திருந்தார். கூப்பிட்டால் கண் திறந்தார், உடனே மூடிக்கொண்டார். "வார்ஃபரின் சாப்பிடுகிறார்" என்று நான் சொன்னதும் அந்த அறையில் இருந்த எல்லோருடைய நடையும் மாறியது. சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்கும் அதன் மேலுறைக்கும் நடுவே இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. வைட்டமின் கே கொடுத்தார்கள், இரத்தத்தை உறையவைக்கும் காரணிகளை ஏற்றினார்கள். அப்பா பிழைத்தார். ஆனால் இடது கையில் பழைய பலம் திரும்பவே இல்லை. கடைசிவரை சட்டைப் பொத்தானை இன்னொருவர்தான் போட்டுவிட வேண்டியிருந்தது.

தம்பி மேலோ மருத்துவமனை மேலோ எனக்குக் கோபம் இல்லை. சொல்ல வேண்டிய ஒரு சொல் என்னிடம் இருந்தது. நான் அங்கே இல்லை. இன்றும் யாராவது "எனக்கு எல்லாம் தெரியும், நான்தான் கூடவே இருக்கப்போகிறேனே" என்று சொல்லும்போது எனக்கு எரிச்சல் வருகிறது. கூடவே இருப்பது என்பது நம் கையில் இல்லை. டிக்கெட் வரிசையில் நிற்போம், கழிவறைக்குப் போயிருப்போம். ஒரே காரில் போய் விபத்து நேர்ந்தால், விவரம் தெரிந்த நாமே நினைவிழந்து கிடப்போம்.

தலையில் அடிபட்டவர் இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து சாப்பிடுபவராக இருந்தால், பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மருத்துவர்கள் ஸ்கேன் எடுக்கவே நினைப்பார்கள். கசிவு மெதுவாகத் தொடங்கி, சில மணி நேரம் கழித்தும் வெளிப்படலாம். எந்த மருந்து என்பதும் முக்கியம். வார்ஃபரினின் விளைவை முறிக்க வைட்டமின் கே உண்டு. டாபிகாட்ரானுக்கு இடாருசிசுமாப் என்ற தனி முறிவு மருந்து இருக்கிறது. அபிக்ஸாபான், ரிவரோக்ஸாபான் வேறு வழியில் வேலை செய்பவை. ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் இன்னொரு வகை. வீட்டில் நாம் இவை எல்லாவற்றையும் "இரத்தம் கட்டாமல் இருக்க ஒரு மாத்திரை" என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். அவசர சிகிச்சைப் பிரிவில் இருப்பவருக்கு மருந்தின் சரியான பெயரும், கடைசியாகச் சாப்பிட்ட நேரமும் வேண்டும்.

பக்கவாதத்திலும் இதே கதைதான். மூளைக்குப் போகும் குழாயை உறைந்த இரத்தக் கட்டி அடைத்திருந்தால் அதைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கிய 4.5 மணி நேரத்துக்குள் போடுவதே வழக்கம். உறைவைத் தடுக்கும் மருந்து உடலில் இருந்தால் அந்த ஊசியே ஆபத்தாகலாம். ஆகவே முகம் கோணினாலோ, ஒரு கை தொய்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, அவர் கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பதைக் கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். தூக்கத்திலிருந்து எழும்போதே அப்படி இருந்தால், தூங்கப் போன நேரம்தான் கணக்கு.

அதற்குப் பிறகு நான் பின்பற்றும் முறையைச் சொல்கிறேன். உள்ளங்கை அளவு அட்டை ஒன்று பெரியவரின் உடலோடு இருக்கும்: சட்டைப் பையில், அல்லது அவர் எப்போதும் தோளில் மாட்டியிருக்கும் பையில். என் பையில் இருப்பது நகல்தான். அட்டையில் பெயர், வயது, நோய்கள், ஒவ்வாமை, மருந்துகளின் பெயர், அளவு, சாப்பிடும் நேரம், இருவருடைய தொலைபேசி எண். உறைவைத் தடுக்கும் மருந்தைச் சிவப்பு மையில், முதல் வரியில் எழுதுகிறேன்.

மருந்தின் பெயர் என்றால் வேதிப்பெயர். கடையில் வாங்கும் வணிகப் பெயர் போதாது. அது நாட்டுக்கு நாடு மாறும். இதைவிட மோசம், ஒரே பெயரில் வேறு மருந்தும் கிடைக்கலாம். அமெரிக்காவில் ஃப்ளோமாக்ஸ் என்பது புராஸ்டேட் வீக்கத்துக்கான டாம்சுலோசின். இத்தாலியில் அதே பெயரில் விற்கப்பட்டது அழற்சியைக் குறைக்கும் முற்றிலும் வேறான மருந்து. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2006-இல் இத்தகைய குழப்பங்களைப் பற்றி எச்சரித்தது. வேதிப்பெயரிலும் சில இரட்டைப் பெயர்கள் உண்டு: பாராசிட்டமாலை அமெரிக்காவில் அசிட்டமினோஃபென் என்பார்கள், சால்புட்டமாலை ஆல்புட்டெரால் என்பார்கள்.

அறை பிரித்த டப்பா கூடாது என்று சொல்லவில்லை. அன்றாடம் கொடுக்க அது வசதிதான். ஆனால் பெயரும் காலாவதித் தேதியும் தெரியும்படி ஒவ்வொரு மருந்திலும் ஓர் அட்டையாவது முழுதாக உடன் வரட்டும். இதய நோயாளி என்றால், உடம்பு நன்றாக இருந்தபோது எடுத்த இ.சி.ஜி. ஒன்றின் நகலையும் வையுங்கள். அன்றைய இ.சி.ஜி.யில் தெரியும் கோளாறு புதியதா, பழையதா என்று மருத்துவரால் ஒப்பிட்டுச் சொல்ல முடியும். பேஸ்மேக்கர் வைத்தவர் என்றால் அதன் அடையாள அட்டையும் வேண்டும். பெரும்பாலான ஸ்மார்ட்போன்களில் பூட்டைத் திறக்காமலே பார்க்கக்கூடிய அவசர மருத்துவத் தகவல் பகுதி இருக்கிறது. அதையும் நிரப்பிவையுங்கள்.

மருந்தைப் பெரிய பெட்டியில் போடுவது

கைப்பையில் வையுங்கள். விமானத்தின் சரக்கறைக்குப் போகும் பெட்டியில் இன்சுலின் குளிரில் உறைந்துவிடலாம்; ஒரு முறை உறைந்த இன்சுலின், உருகினாலும் பயன்படாது.

"பயணம் கெட்டுவிடுமே" என்று அவர்கள் மறைப்பதைக் கவனிக்காதது

பெரியவர்கள் தங்களால் மற்றவர்களுக்குத் தொந்தரவு வரக் கூடாது என்று நினைப்பவர்கள். முந்தைய இரவு மூச்சுத் திணறியதைக் காலையில் சொல்ல மாட்டார்கள். "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டால் "நன்றாக இருக்கிறேன்" என்ற பதில்தான் வரும். நான் அப்படிக் கேட்பதை விட்டுவிட்டேன். இரவு எத்தனை முறை எழுந்தீர்கள், தலையணையை உயர்த்தி வைத்துப் படுத்தீர்களா, கால் வீங்கியிருக்கிறதா, காட்டுங்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறேன். மாமனாருக்கு முதலில் இது பிடிக்கவில்லை. மூன்றாம் நாள் அவரே காலை நீட்டிக் காட்டினார். அன்று கணுக்கால் வீங்கியிருந்தது. அன்றைய பயணத்தை ரத்து செய்துவிட்டு மருத்துவரிடம் போனோம்.

அவர்கள் மறைக்கும் இன்னொன்று தாகம். வழியில் கழிவறை கிடைக்காதோ என்ற பயத்தில் முந்தைய நாளிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்வார்கள். வயதாக ஆகத் தாக உணர்வும் மங்குகிறது. சிறுநீர் பிரியவைக்கும் மாத்திரையும் சேர்ந்தால், எழுந்து நிற்கும்போதே இரத்த அழுத்தம் சரிந்து விழுந்துவிடுவார்கள். பெரியம்மா ஒரு முறை பஸ்ஸில் என்னைக் காலமான பெரியப்பாவின் பெயர் சொல்லி அழைத்தார். பயணக் களைப்பு என்று எண்ணி ஒரு நாளை வீணாக்கினோம். அது சிறுநீர்த் தொற்றால் வந்த மனக்குழப்பம். நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று குழம்பினால், அதை முதுமையின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

இப்போதெல்லாம் பார்க்கப்போகும் இடங்களுக்கு முன்பாகக் கழிவறை இருக்கும் இடங்களைத்தான் முதலில் குறித்துக்கொள்கிறேன். வழியில் தயங்காமல் போகலாம் என்று தெரிந்தால் அவர்கள் தாமாகவே தண்ணீர் குடிக்கிறார்கள். இதயம் பலவீனமானவர்களுக்கு மருத்துவர் நீரின் அளவை வரையறுத்திருந்தால் அந்த அளவை மீற வேண்டாம்.

நெஞ்சுவலிக்காகக் காத்திருப்பது

முதியவர்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் மாரடைப்பு வலியே இல்லாமல் வரலாம். திடீர் மூச்சிரைப்பு, காரணமில்லாத வியர்வை, குமட்டல், எழவே முடியாத அசதி ஆகிய எதையும் "கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும்" என்று விடாதீர்கள்.

மாத்திரை நேரத்துக்கு, சாப்பாடு தாமதமாக

வண்டி தாமதமாகும் நாட்களில் நடப்பது இது. சர்க்கரைக்கான மாத்திரையோ இன்சுலினோ கடிகாரப்படி உள்ளே போய்விடும். உணவு இரண்டு மணி நேரம் கழித்து வரும். கை நடுங்கி, வியர்த்து, பேச்சு தடுமாறினால் உடனே இரத்தச் சர்க்கரையைப் பரிசோதியுங்கள். ஒரு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் 15 கிராம் சர்க்கரை கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். பரிசோதிக்கும் கருவி கையில் இல்லையென்றால் காத்திருக்காமல் சர்க்கரையைக் கொடுத்துவிடுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறி மூச்சடைத்துவிடும். உணவு கண் முன்னால் வந்த பிறகு மருந்து என்ற வழக்கத்துக்கு, மருத்துவரைக் கேட்டு, கிளம்பும் முன்பே பழகிக்கொள்ளுங்கள்.

காப்பீட்டில் பழைய நோயை மறைப்பது

செய்யாதீர்கள்.

அவசர எண்ணை அந்த நேரத்தில் தேடுவது

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் இந்தியாவிலும் 112, அமெரிக்காவிலும் கனடாவிலும் 911, பிரிட்டனில் 999. போகும் இடத்தின் எண்ணையும், தங்கும் இடத்தின் முழு முகவரியையும் அட்டையின் பின்புறம் எழுதுங்கள். ஆம்புலன்ஸ் வேண்டும் என்று கேட்டுவிட்டு, எங்கே வர வேண்டும் என்று சொல்லத் தெரியாமல் நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கண்ணாடியையும் காது கருவியையும் அறையிலேயே விட்டுவிட்டு ஆம்புலன்ஸில் ஏறுவது

அத்தைக்கு இது நடந்தது. தெரியாத இடம், மங்கலான முகங்கள், காதில் விழாத கேள்விகள். இரவு முழுவதும் பயந்துபோய்க் கையில் இருந்த ஊசிக்குழாயைப் பிடுங்கிக்கொண்டே இருந்தார். மறுநாள் காலை கண்ணாடியும் கருவியும் வந்து சேர்ந்த பிறகுதான் அமைதியானார். மூக்குக் கண்ணாடி, காது கருவி, அதன் பேட்டரி, பல் செட் எல்லாவற்றையும் ஒரே சிறு பையில் போட்டுக் கதவருகே வையுங்கள்.

திரும்பும் டிக்கெட்டுக்காக அவசரப்படுவது

மருத்துவமனையிலிருந்து விட்டுவிட்டார்கள் என்பதற்காக மறுநாளே விமானம் ஏறலாம் என்று பொருளில்லை. பறக்கும்போது விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் ஏறக்குறைய 1,800 முதல் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பதற்குச் சமம். மாரடைப்பு, நுரையீரல் சிக்கல், மார்பிலோ வயிற்றிலோ அறுவை சிகிச்சை என்றால் எப்போது பறக்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டு, எழுதி வாங்குங்கள். விமான நிறுவனங்களும் பெரும்பாலும் அதற்கென ஒரு படிவம் கேட்கும். ஆக்சிஜன் கருவி தேவைப்பட்டால், பயண நேரத்தைப் போல ஒன்றரை மடங்குக்கான பேட்டரியைப் பல நிறுவனங்கள் கேட்கின்றன.

கிளம்பும் முன் சிகிச்சை விவர அறிக்கையையும் ஸ்கேன் படங்களையும் கேட்டு வாங்குங்கள். மருத்துவமனையில் சில மருந்துகளை நிறுத்தியிருப்பார்கள், சிலவற்றைச் சேர்த்திருப்பார்கள், ஒன்றின் அளவை மாற்றியிருப்பார்கள். சட்டைப் பையில் இருக்கும் பழைய அட்டையைக் கிழித்துவிட்டு, வண்டி ஏறுவதற்குள் புதியதை எழுதி, மேலே அன்றைய தேதியைப் போடுங்கள்.