சித்திரவதைத் தடுப்புக் கண்காணிப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறைகளையும் காவல் நிலையங்களையும் வெளியார் சென்று பார்வையிடுவது, அங்கே நடந்து முடிந்த கொடுமையைத் துப்பறிவதற்காகவே என்று பலர் எண்ணுகின்றனர். இத்துறையில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த எண்ணத்திலிருந்தே கிளைக்கின்றன. ஐ.நா. பொதுச்சபை 2002 டிசம்பர் 18 அன்று ஏற்று, 2006 ஜூன் 22 முதல் நடைமுறைக்கு வந்த, சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையின் விருப்ப நெறிமுறை (நாடுகள் விரும்பினால் கூடுதலாக ஏற்கும் ஒப்பந்தம்) வேறொரு நோக்கத்துடன் உருவானது. குற்றம் செய்தவரைத் தண்டிப்பது நீதிமன்றத்தின் வேலை. கொடுமைக்கு இடம் தரும் சூழ்நிலையை முன்கூட்டியே கண்டு, அதை அகற்றச் சொல்வது கண்காணிப்பாளரின் வேலை. எனவே, புகார் எதுவும் வரவில்லை என்ற காரணத்தால் ஓரிடத்தைப் பார்வையிடாமல் விடுவது முதல் தவறாகும். புகார் சொல்ல வழியே இல்லாத இடத்திலிருந்தும் புகார் வருவதில்லை.

அடுத்தது, அமைப்புகளைக் குழப்பிக்கொள்வது. சித்திரவதை பற்றிய சிறப்பு அறிக்கையாளர் (1985இல் உருவாக்கப்பட்ட ஐ.நா. பதவி) ஒரு நாட்டுக்குச் செல்ல அந்நாட்டு அரசின் அழைப்பு வேண்டும். விருப்ப நெறிமுறையின்கீழ் இயங்கும் 25 உறுப்பினர் கொண்ட ஐ.நா. சித்திரவதைத் தடுப்புத் துணைக்குழுவுக்கு அது தேவையில்லை. நெறிமுறையை ஏற்றதே நிரந்தர ஒப்புதலாகக் கொள்ளப்படுகிறது. ஐரோப்பாவில் 1989 முதல் நடைமுறையில் உள்ள தனி உடன்படிக்கை அங்குள்ள குழுவுக்கு இதே போன்ற உரிமையை அளிக்கிறது. ஆனால் ஒரு நாடு 1984ஆம் ஆண்டின் மூல உடன்படிக்கையை மட்டும் ஏற்றிருந்தால், இந்தத் துணைக்குழு அதன் சிறைகளுக்குள் செல்ல முடியாது.

பார்வையிட வேண்டிய இடம் என்றதும் சிறையை மட்டும் நினைப்பதும் தவறுதான். நெறிமுறையின் 4ஆம் பிரிவு, அரசின் ஆணையாலோ தூண்டுதலாலோ இசைவாலோ ஒருவர் வெளியேற முடியாதபடி வைக்கப்படும் எந்த இடத்தையும் உள்ளடக்குகிறது. மனநல மருத்துவமனையின் பூட்டிய பிரிவு, குடியேறிகளை அடைத்துவைக்கும் முகாம், விமான நிலையத்தின் தடுப்பு அறை, சிறார் இல்லம் ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். அடித்துத் துன்புறுத்தப்படும் ஆபத்து மிகுதியாக இருப்பது, கைதானதை அடுத்து வரும் முதல் சில மணிநேரங்களில்தான். பெரிய சிறைகளுக்குப் பகலில் மட்டும் போய்வரும் குழு, சிறிய காவல் நிலையத்தில் நள்ளிரவில் நடப்பதை அறியவே வாய்ப்பில்லை.

உடலில் காயத்தை மட்டும் தேடுவோர் பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்பதில்லை. ஒருவர் பிடிக்கப்பட்ட நேரம், நிலையத்துக்குக் கொண்டுவரப்பட்ட நேரம், உறவினருக்குத் தகவல் சொன்ன நேரம், வழக்கறிஞரும் மருத்துவரும் வந்த நேரம் ஆகியவற்றை அடுத்தடுத்து வைத்துப் படித்தால், கணக்கில் வராத மணிநேரங்கள் தாமாகவே வெளிப்படும். மருத்துவப் பரிசோதனை காவலர்களின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டாமல் நடந்ததா என்பதையும் கேட்க வேண்டும். காயங்களை ஆவணப்படுத்துவதற்கென்றே, 1999இல் தொகுக்கப்பட்டு 2022இல் திருத்தப்பட்ட இஸ்தான்புல் நெறிமுறை இருக்கிறது. பயிற்சி இல்லாதவர் அந்த வேலையில் இறங்காமல் இருப்பதே நல்லது.

மிகப் பெரிய தீங்கு நேர்காணலில்தான் விளைகிறது. அதிகாரி அழைத்துவரும் கைதிகளுடன் மட்டும் பேசுவது, காவலரையே மொழிபெயர்ப்பாளராகக் கொள்வது, கதவைத் திறந்துவைத்துப் பேசுவது ஆகியவை வெளிப்படையான பிழைகள். யாருடன் பேசுவது என்பதைத் தாங்களே முடிவு செய்யவும், சாட்சிகள் இன்றித் தனியே பேசவும் கண்காணிப்பாளர்களுக்கு உரிமை உண்டு. எளிதில் கண்ணுக்குப் படாத பிழை வேறொன்று: ஒரு கட்டடத்தில் ஒரேயொருவரை மட்டும் தனியே அழைத்துப் பேசிவிட்டு, அன்று மாலையே அதிகாரியிடம் குறிப்பிட்ட ஒரு குறையை எடுத்துச் சொல்வது. சொன்னவர் யாரென்று அந்த நொடியே தெரிந்துவிடும். பலருடன், ஏறத்தாழ ஒரே அளவு நேரம் பேசி, பல வாய்கள் சொன்னதாக மட்டுமே குறையை முன்வைக்க வேண்டும். தகவல் தந்தவரைத் தண்டிக்கக் கூடாது என்று விருப்ப நெறிமுறை தெளிவாகச் சொன்னாலும், குழுவின் வாகனம் வாயிலைக் கடந்த பின் அந்தக் கைதிக்குத் துணையாக இருக்கப்போவது காகிதம் மட்டுமே. பேச மறுப்பவரை வற்புறுத்துவதும், காப்பாற்ற இயலாத வாக்குறுதி அளிப்பதும் இதே வகைத் தீங்குகள். ஒருவரின் சொந்த விவரங்களை அவரது வெளிப்படையான ஒப்புதலின்றி வெளியிடவே கூடாது.

அனுமதி மறுக்கப்படும்போது, கிடைத்ததைப் பார்த்துவிட்டுத் திரும்புவது பணிவு போலத் தோன்றும். உண்மையில் அது மோசமான முன்னுதாரணம். நாட்டுப் பாதுகாப்பு, பொதுப் பாதுகாப்பு, இயற்கைப் பேரிடர், கடும் கலவரம் ஆகிய அவசரமான காரணங்களுக்காகக் குறிப்பிட்ட ஓரிடத்துக்குச் செல்வதைத் தற்காலிகமாகத் தள்ளிப்போடச் சொல்லலாமே தவிர, அவசரநிலை அறிவிப்பை மட்டும் காட்டித் தடுக்க அரசுக்கு உரிமை இல்லை. 2016இல் உக்ரைனிலும், 2017இல் ருவாண்டாவிலும், 2022இல் ஆஸ்திரேலியாவிலும் துணைக்குழு தன் பயணத்தைப் பாதியில் நிறுத்தியது. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து ஆகிய மாநிலங்கள் தடை போட்டன. ஆனால் கூட்டாட்சி நாடுகளின் எல்லாப் பகுதிகளுக்கும் நெறிமுறை பொருந்தும் என்று அதன் 29ஆம் பிரிவு விதிவிலக்கின்றிக் கூறுகிறது.

இரகசியம் காப்பதை வாய்மூடி இருப்பதாகக் கொள்வது மற்றொரு பிழை. துணைக்குழுவின் அறிக்கை முதலில் அரசுக்கே செல்கிறது. அரசு கேட்டுக்கொண்டால் வெளியிடப்படும். அரசு அதில் ஒரு பகுதியை மட்டும் வெளியிட்டால், மீதியையும் வெளியிடத் துணைக்குழுவுக்கு அதிகாரம் உண்டு. ஒத்துழைக்கவோ பரிந்துரைப்படி நிலைமையைச் சீர்செய்யவோ மறுக்கும் அரசைப் பற்றிப் பொது அறிக்கை விடவும் வழி இருக்கிறது.

சர்வதேசக் குழு ஆண்டுதோறும் எல்லா நாடுகளுக்கும் வர இயலாது என்பதால், நெறிமுறையை ஏற்ற ஒவ்வொரு நாடும் ஓராண்டுக்குள் தனக்கென ஒரு தேசியத் தடுப்பு அமைப்பை ஏற்படுத்த வேண்டும். அதைச் சிறைத்துறையை நடத்தும் அமைச்சகத்தின் கீழேயே வைப்பதும், நிதி ஒதுக்காமல் பெயருக்கு அறிவிப்பதும் அதன் பயனைக் கெடுக்கும். அந்த அமைப்பும் 'நிலைமை மேம்பட வேண்டும்' என்று எழுதிவிட்டு ஓய்ந்துவிடக் கூடாது. எந்த அதிகாரி, எந்த அறையில், எதை, எந்தத் தேதிக்குள் மாற்ற வேண்டும் என்று எழுதி, அந்தத் தேதி கடந்த பின் முன்னறிவிப்பின்றி அதே அறைக்கு மீண்டும் செல்ல வேண்டும்.