ஃப்யூல் செல்லும் சோனாரும்: ஒப்பிடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரு பீன்யாவில் எங்கள் பட்டறைக்கு ப்ராஜெக்டோடு வரும் கல்லூரிப் பிள்ளைகளின் கையில் அநேகமாக ஒரு தாள் இருக்கும். இடப்பக்கம் ஃப்யூல் செல், வலப்பக்கம் சோனார், நடுவே திறன், விலை, ஆயுள் என்று கட்டம். நானும் ஒரு காலத்தில் இப்படிக் கட்டம் போட்டவன், அதனால்தான் பார்த்ததும் மனசு பதறுகிறது. ஒன்று ஹைட்ரஜனையும் ஆக்ஸிஜனையும் சேர்த்து மின்சாரம் தருவது, மற்றது ஒலியை அனுப்பி எதிரொலியை வைத்துத் தூரம் சொல்வது. எது சிறந்தது என்று கேட்டால் என்ன பதில் வரும்? ஒரே படகில் ஏற்றினால் ஒன்று மற்றதை என்ன செய்யும் என்று கேளுங்கள்.

ஃப்யூல் செல் சத்தமே போடாது என்று நம்புவது

எனக்கு மூன்று வாரமும் இரண்டு டிரான்ஸ்டியூசர் (சோனாரில் ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கும் பாகம்) விலையும் போனது இதில்தான். ஜெர்மனியின் 212 வகை நீர்மூழ்கிகள் ஃப்யூல் செல்லால் ஓசையடங்கி ஓடுகின்றன என்று படித்துவிட்டு, நம் படகிலும் தொல்லை இருக்காது என்று இருந்துவிட்டேன். 24 செல் அடுக்கிய ஸ்டாக், லோடு இல்லாதபோது 22 வோல்ட்டுக்கு மேல் காட்டும், முழு லோடில் 15-க்கு இறங்கிவிடும். அதனால் வோல்ட்டை நிலையாக வைக்கும் கன்வெர்ட்டர் இல்லாமல் முடியாது. அந்தக் கன்வெர்ட்டர் 200 கிலோஹெர்ட்ஸில் ஸ்விட்ச் ஆகிறது (நொடிக்கு இரண்டு லட்சம் முறை போட்டு அணைக்கிறது), என் சோனாரும் 200 கிலோஹெர்ட்ஸ்! திரை முழுக்க உப்பைத் தூவினாற்போல் புள்ளிகள், ஆழம் கூடக்கூட இன்னும் அடர்த்தியாக. டிரான்ஸ்டியூசர்தான் கெட்டுவிட்டது என்று மாற்றினேன், மறுபடியும் மாற்றினேன். கடைசியில் பட்டறையிலிருந்த ஆம்பூர்க்கார அண்ணன் சோனார் வயரைக் கழற்றி ஒரு பைக் பேட்டரியில் மாட்டினார். தொட்டியின் அடி ஒற்றைக் கோடாகப் பளிச்சென்று தெரிந்தது. "தம்பி, காதுல குறை இல்ல, பக்கத்துல ஒருத்தன் கத்திக்கிட்டே இருக்கான்" என்றார்.

இன்றைக்கும் இதையே செய்கிறார்கள், அதுதான் எரிச்சல். கன்வெர்ட்டரை 100 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றிவிட்டு, சரியாகிவிட்டது என்கிறார்கள். அதன் இரண்டாம் ஹார்மோனிக், அதாவது இருமடங்கு அதிர்வெண், திரும்பவும் 200-இல் வந்து உட்காரும். சோனாருக்குத் தனி பேட்டரி கொடுங்கள், டிரான்ஸ்டியூசர் கேபிளை கன்வெர்ட்டரிலிருந்து விலக்கி இழுங்கள். அப்புறம் ஸ்டாக்கின் விசிறி, வாயுவை அவ்வப்போது வெளியே தள்ளும் பர்ஜ் வால்வு: இவற்றின் அதிர்வு ஹைட்ரோஃபோன் (நீருக்கடி மைக்) வைத்துக் கேட்பவரைத்தான் படுத்தும், அடியில் ரப்பர் வையுங்கள்.

ஒலிவேகம் எப்போதும் 1500 என்று போடுவது

எதிரொலி வந்த நேரத்தைத் தூரமாக மாற்ற நீரில் ஒலியின் வேகம் வேண்டும். அது நன்னீரில் 20 டிகிரியில் நொடிக்கு 1482 மீட்டர், 30 டிகிரியில் 1509. வெப்பமானியை நீரில் விட்டுப் பாருங்கள்.

ஹைட்ரஜன் முழுதும் மின்சாரமாகும் என்ற கணக்கு

ஒரு கிலோவில் சுமார் 33 கிலோவாட்-மணி இருக்கிறது. பாதி கைக்கு வந்தால் நல்லது, மீதி வெப்பமாகப் போகும்.

ஸ்டாக்கைக் காயவிடுவது

கூடாது. செல்லுக்குள் இருக்கும் சவ்வு உலர்ந்தால் மின்தடை ஏறும்.