காரன்வாலிஸ் வாழ்க்கையை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மற்றவர்கள் எழுதும் வரலாற்றுக் கட்டுரைகளைத் திருத்திக் கொடுப்பவன் நான். அமெரிக்க விடுதலைப் போரில் யார்க்டவுனில் சரணடைந்து, பிறகு இந்தியாவின் கவர்னர் ஜெனரலான காரன்வாலிஸ் பிரபுவைப் பற்றிப் புதிதாக எழுத வருகிறவர்களின் பிரதிகள் அடிக்கடி என்னிடம் வரும், அதே பழைய தவறுகளோடு. ஆண்டு மாறிப்போவது, ஊர்ப் பெயரில் எழுத்துப்பிழை, இதெல்லாம் இன்னொருவர் ஒருமுறை படித்தாலே சரியாகிவிடும் என்பதால் விட்டுவிடுகிறேன். வாசகருக்குத் தெரியாமலேயே வேறொரு மனிதரைக் காட்டிவிடும் தவறுகள் மட்டும் இங்கே.

ஒரு குடும்பத்தையே ஒரு ஆளாக்குவது

ஒரு கல்லூரி மலருக்காக வந்த கட்டுரை அது, மாணவர் நன்றாகவே எழுதியிருந்தார். ஆனால் காரன்வாலிஸ் 1749இல் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரை நிறுவினார், மிக்மாக் பழங்குடி மக்களின் தலைத்தோலுக்குப் பரிசு அறிவித்தார், அந்த மனப்போக்குதான் பிறகு மைசூர்ப் போரிலும் வெளிப்பட்டது என்று ஒரு வாதத்தையே கட்டி எழுப்பியிருந்தார். நம்முடைய சார்லஸ் காரன்வாலிஸ் பிறந்தது 1738 டிசம்பர் 31. 1749இல் அவர் பத்து வயதுப் பையன்! நோவா ஸ்கோஷியாவின் ஆளுநராகப் போய் அதையெல்லாம் செய்தவர் அவருடைய சித்தப்பா எட்வர்ட். அவரும் ராணுவ அதிகாரி, அவரும் நாடாளுமன்ற உறுப்பினர். அந்தப் பத்தியை எடுத்ததும் அதன்மேல் நின்ற பாதிக் கட்டுரையும் சேர்ந்து போனது, மாணவரின் பல வார உழைப்பு அதில் இருந்தது. எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது இந்தத் தவறுதான்.

அந்தக் குடும்பம் அப்படி. அப்பா பெயரும் சார்லஸ், மகன் பெயரும் சார்லஸ். எட்வர்டோடு இரட்டையாகப் பிறந்த ஃப்ரெடரிக் கேன்டர்பரி பேராயர், நம்முடைய சார்லஸின் தம்பி ஜேம்ஸ் ஒரு பிஷப். அதைவிடச் சிக்கல் இன்னொரு தம்பி வில்லியம். மூன்றாம் மைசூர்ப் போரில் அண்ணன் தரைப்படையோடு திப்பு சுல்தானை எதிர்த்துக்கொண்டிருந்த அதே காலத்தில், தம்பி இந்தியக் கடற்பகுதியில் ஆங்கிலேயக் கப்பல்களுக்குத் தலைமை வகித்தார். 1791 நவம்பரில் தலச்சேரிக் கடலில் ஒரு பிரெஞ்சுப் போர்க்கப்பலோடு நடந்த மோதல் இவருடைய கப்பல்கள் சம்பந்தப்பட்டது. அதை அண்ணன் கணக்கில் எழுதினால், கவர்னர் ஜெனரல் ஒரே சமயத்தில் கன்னட நாட்டிலும் கடல் நடுவிலும் இருந்தார் என்றாகும். அப்படி எழுதிய பிரதிகளையும் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் பட்டங்கள். 1753இல் அப்பா ஏர்ல் (ஒரு பரம்பரைப் பிரபுப் பட்டம்) ஆனதும் மூத்த மகனான சார்லஸ் 'வைகவுண்ட் ப்ரோம்' என்று அழைக்கப்பட்டார். அது மரியாதைக்கான அழைப்புப் பெயர்தான், அதை வைத்துப் பிரபுக்கள் சபையில் உட்கார முடியாது. அதனால்தான் 1760இல் சஃபோக்கில் உள்ள ஐ தொகுதியிலிருந்து அவர் தேர்தலில் நின்று போகும் காமன்ஸ் சபைக்குப் போக முடிந்தது. 1762இல் அப்பா இறந்ததும் இவர் இரண்டாம் ஏர்ல் ஆகிப் பிரபுக்கள் சபைக்கு மாறினார், ப்ரோம் என்ற பெயர் இவருடைய மகனுக்குப் பிறகு போனது. ஆக, 1760ஆம் வருடக் கடிதத்தில் வரும் ப்ரோம் இவர், இந்தியாவிலிருந்து இவர் எழுதிய கடிதங்களில் வரும் ப்ரோம் மகன். ஏர்லுக்கு மேற்பட்ட பட்டமான 'மார்க்விஸ்' என்று இவரைச் சொல்லலாம் என்றால் 1792க்குப் பிறகுதான். யார்க்டவுனில் சரணடைந்த மார்க்விஸ் என்று எழுதாதீர்கள். பெயரை மட்டும் பார்த்துக் குறிப்பெடுக்காமல் ஆண்டு, பட்டம், ராணுவப் பதவி மூன்றையும் சேர்த்துக் குறித்து வையுங்கள், மூன்றில் ஒன்று இடித்தாலும் அது வேறு காரன்வாலிஸாக இருக்கலாம்.

யார்க்டவுனோடு ஆளை முடித்துவிடுவது

1781 அக்டோபர் 19இல் தோற்றார், தண்டனையாக இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார் என்று எழுதுகிறார்கள். தண்டனையே கிடையாது. அமெரிக்காவில் அவர் தலைமைத் தளபதியும் இல்லை, அந்தப் பொறுப்பு ஹென்றி கிளின்டனுடையது. செசபீக் விரிகுடாவைப் பிரெஞ்சுக் கடற்படை அடைத்துக்கொண்டதால் கடல்வழி உதவி வர வழியில்லை, கிளின்டனின் மீட்புப்படை நியூயார்க்கிலிருந்து புறப்பட்டதே சரணடைந்த நாளில்தான். லண்டனில் பழியின் பெரும்பகுதி மற்றவர்கள் மேல் விழுந்தது. இந்தியாவின் கவர்னர் ஜெனரல் பதவியை ஏற்கச் சொல்லி அவரை வற்புறுத்தினார்கள், அவர் மறுத்தார். கவர்னர் ஜெனரலோடு சேர்ந்து முடிவெடுக்கும் குழுவான கவுன்சிலின் முடிவை மீறும் அதிகாரமும் தலைமைத் தளபதி பதவியும் சேர்ந்து கிடைக்கும் என்று உறுதியான பிறகே 1786இல் ஒத்துக்கொண்டார். இவருக்கு முன் கவர்னர் ஜெனரலாக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ் தன் கவுன்சிலோடு பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு இந்த நிபந்தனையின் கனம் புரியும்.

இன்னொன்றும் விட்டுப்போகிறது. அமெரிக்கக் குடியேற்றங்கள்மேல் சட்டம் செய்யும் முழு உரிமை நாடாளுமன்றத்துக்கு உண்டு என்ற 1766ஆம் வருடச் சட்டத்தைப் பிரபுக்கள் சபையில் எதிர்த்த மிகச் சிலரில் இவர் ஒருவர். பத்து வருடம் கழித்து அதே குடியேற்றங்களை அடக்கத்தான் படையோடு போனார். இந்த முரணைத் தொடாத வாழ்க்கைக் குறிப்பை என்னால் முழுமையானது என்று ஏற்க முடியவில்லை.

வாளை வாஷிங்டனிடம் நீட்டினார் என்பது

இல்லை. உடல்நிலை சரியில்லை என்று சொல்லிவிட்டு தனக்கு அடுத்த நிலை அதிகாரியான சார்லஸ் ஓ'ஹாராவை அனுப்பினார்.

சென்னை மாகாண ஜமீன்தாரியை இவர் தலையில் கட்டுவது

1793இல் இவர் கொண்டுவந்த, ஜமீன்தார்கள் வழியாக வரி வாங்கும் நிலையான நிலவரித் திட்டம் வங்காளம், பீகார், ஒரிசா பகுதிகளுக்கானது. சென்னை மாகாணத்தில் அதற்கான சட்டம் வந்தது 1802இல், அப்போது கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி. இவர் பார்த்து வகுத்த முறை அங்கே முன்மாதிரி ஆனது என்று எழுதுங்கள், அது சரி. ஆனால் 1792 உடன்படிக்கையில் திப்புவிடமிருந்து கிடைத்த பாராமகாலில், அதாவது இன்றைய சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம், இவர் அனுப்பியது ராணுவ அதிகாரியான அலெக்சாண்டர் ரீடை. சென்னையின் சிவில் அதிகாரிகள்மேல் இவருக்கு நம்பிக்கை இல்லை. ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் அங்கே வேலை பார்த்துதான் விவசாயியிடமே நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறை உருவானது. ஜமீன்தாரி முறைக்குப் பேர்போனவரின் நியமனமே அதற்கு நேர் எதிரான முறைக்கு வழிவிட்டது. உள்ளூர் வரலாறு எழுதுகிற நண்பர்கள் இதை இழந்துவிடக் கூடாது.

திப்புவின் மகன்களைப் போர்க்களத்தில் பிடித்தார் என்பது

இல்லை. அந்த 1792 உடன்படிக்கைப்படி பிணையாக ஒப்படைக்கப்பட்டவர்கள், 1794இல் திரும்பிப் போனார்கள்.

அயர்லாந்தைத் தாண்டிக் குதிப்பது

1793இல் இந்தியாவை விட்டவர் நேராக 1805இல் மறுபடி இந்தியாவுக்கு வந்து காசிப்பூரில் இறந்துபோகிறார், பெரும்பாலான பிரதிகளில். நடுவில் 1798 முதல் 1801 வரை அயர்லாந்தின் வைஸ்ராய். கிளர்ச்சியை அடக்கியவர், பாலினாமக்கில் பிரெஞ்சுப் படையைச் சரணடைய வைத்தவர், அதே சமயம் தன் பக்கத்தவர்களே நடத்திய பழிவாங்கும் கொலைகளைக் கண்டித்துக் கடிதம் எழுதியவர். டப்ளின் நாடாளுமன்றத்தைக் கலைத்து பிரிட்டனோடு இணைக்க, பதவியும் பட்டமும் கொடுத்து ஓட்டு வாங்க வேண்டியிருந்தது. அந்த அழுக்கு வேலைக்காகத் தன்னையே ஒவ்வொரு மணி நேரமும் வெறுப்பதாக 1799இல் நண்பருக்கு எழுதினார். இணைப்போடு கத்தோலிக்கர்களுக்கு அரசியல் உரிமையும் கிடைக்க வேண்டும் என்பது அவர் நிலை. மூன்றாம் ஜார்ஜ் மறுத்தார், பிரதமர் பிட் விலகினார், காரன்வாலிஸும் 1801இல் பதவியை விட்டார். கத்தோலிக்கர்களுக்கு அந்த உரிமை 1829இல்தான் கிடைத்தது.